போளூரின் முப்பத்தெட்டுப் பதிவுகளும் முதல் பஸ்ஸும்

கொடைக்கானலுக்கு நான் ஊர் சுற்றப் போகவில்லை. சண்டை போட ஆதாரம் எடுக்கப் போனேன். போன ஜூலையில் ஒரு புதன்கிழமை.

நான் மதுரையில் மென்பொருள் எழுதுகிறவள். வலிப்பு நோயை ஆராயும் பல ஊர் ஆய்வகங்கள் தங்கள் மூளை அலைப் பதிவுகளை ஒரே இடத்தில் போட்டு வைக்க, யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராய, ஒரு பொதுத் தரவுத்தளம் கட்டுகிறோம். வரும் பதிவுகளைச் சரிபார்க்கும் கருவி என் கைவேலை. அந்தப் பாழாய்ப்போன கருவிதான், கொடைக்கானலுக்கு அப்பால் போளூர் என்ற மலையூரில் நடந்த மருத்துவ முகாமில் எடுத்த முப்பத்தெட்டுப் பதிவுகளையும் வெளியே தள்ளியது. ‘கடைசியாக வலிப்பு வந்த நேரம்’ என்ற கட்டம் காலியாம். பெங்களூரில் இருக்கும் எங்கள் திட்டத் தலைவர் ஒரே வரி அனுப்பினார்: “மலைப் பதிவுகளை விட்டுவிடு, வெள்ளிக்கிழமை வெளியீடு.” எனக்கு வந்ததே கோபம்! தளத்தில் இருப்பதெல்லாம் நகரத்து ஆஸ்பத்திரித் தலைகள். மலைக்காரர் மூளை என்ன இளப்பமா?

காலை 5.40-க்கு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். சுமார் 120 கிலோமீட்டர், நாலு மணி நேரம். வத்தலக்குண்டில் பத்து நிமிடம் நிற்கும். இட்லியை அங்கேயே முடித்துவிடுங்கள், மலையேற்றம் தொடங்கும் காட்ரோட்டைத் தாண்டினால் வளைவுகள் வயிற்றைச் சும்மா விடாது. கொடைக்கானலில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஜீப் பிடித்தேன். போளூருக்கு 45 கிலோமீட்டர், 2,500 ரூபாய்.

“போளூர்ல என்ன சோலிங்க? அங்க போட்டிங்கெல்லாம் கெடையாதே” என்றார் டிரைவர்.

“மூளைச் சோலி” என்றேன். வழியில் பூம்பாறை வரும் வரைக்கும் மனுஷன் கண்ணாடியில் என் தலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முகாமில் படிவங்களை எழுதியவர் பாண்டியம்மாள், ஊர் சுகாதாரப் பணியாளர். என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். பூண்டுக் காட்டிலிருந்து வந்து, கை கழுவி, நோட்டை எடுத்தார். நான் போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போனேன். சட்டென்று கையால் மறைத்தார்.

“பேரு இருக்குல்ல? இன்னார் வீட்டுப் பிள்ளைக்கு வலிப்புன்னு வெளிய தெரிஞ்சா, யாரு வந்து பொண்ணு கேப்பா?”

ஒரு சாக்குத் துண்டை மடித்துப் பெயர்களின் மேல் போட்டார். “இப்ப பதிவு நம்பரையும் நேரத்தையும் மட்டும் எழுதிக்கங்க.” ரகசியம் காப்பது பற்றி இருபது பக்க ஆவணம் வைத்திருக்கும் எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

நேரம் அத்தனையும் அந்த நோட்டில் இருந்தது. ‘முதல் பஸ் ஹாரன் அடிச்சப்ப.’ ‘மத்தியான பஸ் திரும்பினதும்.’ இங்கே ஜனங்கள் நாளைப் பஸ்ஸை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். பெங்களூரில் தட்டச்சு செய்தவர், மணி இல்லையென்று கட்டத்தை அப்படியே விட்டிருக்கிறார். அட, இவ்வளவுதானா! அட்டவணைப்படி முதல் பஸ் ஆறரை. மாற்றிப் போட்டால் முடிந்தது என்றேன்.

“ஆறரைன்னு போடாதீங்க. பஸ்ஸு என்னிக்குங்க ஆறரைக்கு வந்துச்சு? அவுக சொன்னத நான் எழுதினேன். நீங்களா ஒரு மணியப் போட்டா அது பொய்யி.”

“அக்கா, கம்ப்யூட்டருக்கு மணிதான் புரியும்.”

“அப்ப அதுக்குச் சொல்லிக் குடுங்க. அது உங்க சோலி.”

ராத்திரி அவர் வீட்டிலேயே தங்கினேன். வியாழக்கிழமை வெள்ளனே 6.10-க்கு நிறுத்தத்தில் நின்றேன். பனிமூட்டம். ஆறரை ஆனது, பஸ் இல்லை. ஹாரன் கேட்டபோது மணி 7.05. முந்தின நாள் 6.40 என்றார்கள் அங்கே நின்றவர்கள். மரம் விழுந்த அன்றைக்கு எட்டு மணியாம். வலிப்புக்கும் பதிவுக்கும் இடையிலான நேரத்தை வைத்துத்தான் ஆய்வாளர்கள் அலைகளைப் படிப்பார்கள். நான் போடவிருந்த பொய்யின் மேல் உலகமே கணக்குப் போட்டிருக்கும். நினைத்தபோது கூசிப்போனேன்.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மடிக்கணினியைத் திறந்து, மதியத்துக்குள் கருவியை மாற்றினேன். இனி அந்தக் கட்டம் ‘இதிலிருந்து இதுவரை’ என்று இரண்டு நேரங்களை ஏற்கும்; ‘முதல் பஸ்’ என்றால் ஆறரையிலிருந்து எட்டு வரை. பக்கத்தில், சொன்னவர்களின் வார்த்தை தமிழிலேயே நிற்கும். நோட்டிலிருந்து எழுதி வந்ததை ஏற்றினேன்; முப்பத்தெட்டும் தேறின. தலைவர் உடனே கூப்பிட்டார்.

“ஒரு ஊருக்காகக் கருவியையே மாத்துவியா? ‘முதல் பஸ்’னா வெளிநாட்டுக்காரனுக்கு என்ன புரியும்?”

“புரியலேன்னா கேக்கட்டும் சார். நகரத்துப் படிவத்துல எல்லா வலிப்பும் முழு மணிக்கும் அரை மணிக்குமே வந்திருக்கு. அது எப்படின்னு யாராவது கேட்டோமா? இந்த முப்பத்தெட்டையும் எடுத்தீங்கன்னா என் கருவியையும் சேத்து எடுத்துருங்க.” போனை வைத்துவிட்டு இன்னொரு டீ சொன்னேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சொந்த வண்டி என்றால் இ-பாஸ் கட்டாயம், பஸ்ஸுக்கு வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். போளூரில் சிக்னல் வரும், போகும். தரவு சேகரிக்கப் போகிறவர் என்றால், படிவத்தை அச்சடிக்கும் முன் அதை நிரப்பப்போகிறவரோடு ஒரு நாள் இருங்கள். ஊர் உங்கள் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்றால், ஊரை வெட்டாதீர்கள்.

வெள்ளிக்கிழமை தளம் வெளியானது. பாண்டியம்மாளுக்குப் போன் போட்டேன்.

“ஏத்திட்டீகளா?”

“ஏத்தியாச்சுக்கா. அவுக சொன்ன வார்த்தையோட.”

தலைவர் இன்னும் என்னோடு பேசவில்லை. பேச வேண்டாம். முப்பத்தெட்டுப் பேரும் உள்ளே இருக்கிறார்கள்.