சல்லடையைத் தூக்கிக்கொண்டு போன அண்ணி

அண்ணி தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருக்கிறார் என்றால், மறுமுனையில் யாரோ திட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். பேனாவை உருட்ட மாட்டார், ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்க மாட்டார். "திட்டு வாங்கறப்ப வேற வேலை பாக்கக்கூடாது தம்பி, குரல்ல தெரிஞ்சிடும்," என்பார். "நடுவுல பேசினாலும் ஆபத்து. முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க." மறுமுனை மூச்சு வாங்க நிற்கும்போதுதான் போனைக் காதுக்குக் கொண்டுவருவார். "ஆமாங்க, எங்க தப்புதான். இப்ப என்ன செய்யப்போறோம்னு சொல்லட்டுமா?"

என் அண்ணனுக்கு ஒரு ரொட்டித் தொழிற்சாலை இருக்கிறது. தொழிற்சாலை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். மாவு சலிக்க ஓர் இயந்திரம், பிசைய ஒன்று, அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் அடுப்பு, இரண்டு வேன், இருபது சொச்சம் பேர். அண்ணன் முதலாளி. அண்ணியின் பதவிக்குப் பெயர் கிடையாது, மேசை மட்டும் உண்டு. ஆர்டர் எடுப்பது, வண்டி தாமதமானால் முன்கூட்டியே சொல்வது, ரொட்டி கருகிவிட்டால் ஏச்சு வாங்குவது எல்லாம் அந்த மேசையில்தான் நடக்கும்.

அண்ணியிடமிருந்து போன் வந்தாலே, என்ன கெட்ட செய்தியோ என்றுதான் உறவினர்கள் எடுப்பார்கள். அது அவருக்கும் தெரியும். அதனால் "யாருக்கும் ஒண்ணும் ஆகல, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அதைக் கேட்டு இன்னும் பயந்துபோகிறவர்களும் உண்டு. நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண்ணின் வீட்டில் மறுத்துவிட்டதை என்னிடம் சொன்னவர் அவர்தான். "தம்பி, அவங்க வீட்ல உன்னை வேணாம்னுட்டாங்க. சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன், சூடா இருக்கறப்பவே சாப்பிட்டுடு." ஒரே மூச்சில் இரண்டும். மற்றவர்கள் அதை மறைத்து வைத்துக்கொண்டு, ஒரு வாரமாக என்னை நோயாளியைப்போல் நடத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அண்ணிமேல் கோபமான கோபம். ஆனால் அந்த வாரத்தில் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அண்ணன் இதற்கு நேர் எதிர். கூரை ஒழுகினாலும் "பாத்துக்கலாம்", வேன் பிரேக் பிடிக்காவிட்டாலும் "பாத்துக்கலாம்". இந்த இரண்டு பேரும் எப்படி ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்கள் என்பது எங்கள் குடும்பத்தில் தீராத ஆராய்ச்சி.

போன வருடம் ஒரு நாள் காலையில், நாங்கள் ரொட்டி கொடுக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு சின்னப் பெண் ரொட்டியைக் கடித்திருக்கிறாள். உள்ளே ஊசிபோல ஒரு கம்பித் துண்டு. ஈறைக் கிழித்துவிட்டது, தையல் போட அழைத்துப் போயிருக்கிறார்கள். மாவு சலிக்கும் இயந்திரத்தைத் திறந்து பார்த்தால், சல்லடையின் கம்பி வலை ஒரு மூலையில் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை கம்பி மாவில் விழுந்தது, எந்த ரொட்டியில் போயிற்று, யாருக்கும் தெரியாது.

"ஒரு பாக்கெட்ல வந்ததுக்கு ஊரையே கூட்டணுமா? ரெண்டு நாள் பொறு, பாத்துக்கலாம்," என்றார் அண்ணன். அண்ணி அதற்குள் எண்ணைச் சுழற்றிவிட்டார். முதல் அழைப்பு அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு. பேக்கரியிலிருந்து என்று சொன்னதுமே அவர் துண்டித்துவிட்டார். அடுத்தது கடைகளுக்கு. "எங்க பிரெட்ல கம்பி வந்திருக்குங்க. அலமாரிலேருந்து எடுத்துடுங்க. வாங்கிட்டுப் போனவங்க தெரிஞ்சவங்களா இருந்தா, இப்பவே சொல்லிடுங்க." பிறகு ஆஸ்பத்திரிச் சமையலறை, மாவு மில், கடைசியில் கடன் கொடுத்த வங்கியின் மேலாளர். அவரிடம், "வேற யார் வாயாலயாவது கேக்கறதுக்கு முன்னாடி என்கிட்டயே கேட்டுக்கங்க சார்," என்று ஆரம்பித்து, சொல்ல வேண்டியதற்கு மேலேயே சொல்லிவிட்டார். அதைக் கேட்ட அண்ணன் இரண்டு நாள் அண்ணியோடு பேசவில்லை. அண்ணனைக் குறை சொல்ல முடியாது. உண்மையை அளந்து ஊற்ற அண்ணிக்குத் தெரியாது.

தொழிலாளர்கள் அணைந்த அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மாவு பிசைகிறவர்தான் வாய் திறந்தார். "அக்கா, வேலை போயிடுமா?"

"தெரியல," என்றார் அண்ணி. "எனக்குத் தெரியற அன்னிக்கே உங்களுக்கும் தெரியும்." அதன்பின் தினமும் சாயங்காலம் வாசல் கேட்டருகே நின்று சேதி சொன்னார். பல நாள் சேதி, "இன்னிக்கும் ஒண்ணும் தெரியல" என்பதுதான். ஆனாலும் அதைக் கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

புதிய சல்லடை மாட்டி, கம்பித் துணுக்குகளை இழுத்துக்கொள்ள ஒரு காந்தமும் பொருத்திய பிறகுதான் அண்ணி அந்தக் காரியத்தைச் செய்தார். கிழிந்த பழைய சல்லடையைச் சாக்கில் சுற்றி வேனில் ஏற்றினார். அப்போது நான் வேலையில்லாமல் இருந்ததால் நான்தான் டிரைவர்.

"நம்ம மானத்தை மூட்டை கட்டி கடை கடையா காட்டப்போறியா?" என்று அண்ணன் பதறினார்.

"என்னங்க, ஓட்டையப் பாத்தவன் அந்த ஓட்டை அளவுக்குத்தான் பயப்படுவான். பாக்காதவன் அளவில்லாம பயப்படுவான்."

கடைக்காரர்கள் முன்னால் அதை விரித்துக் காட்டினார். ஒருவர் ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். "யாரும்மா இதைப் பாக்க வேண்டிய ஆளு?" என்று கேட்டவர்களுக்கு அண்ணி கடைசிவரை பெயர் சொல்லவில்லை. "நாங்கதான்," என்பதோடு சரி. பாதிப் பேர் மறுபடி எங்கள் ரொட்டியை எடுத்துக்கொண்டார்கள். வேண்டாம் என்றவர்களிடம் "சரிங்க" என்றார். வேனில் ஏறியதும் என்னைக் கேட்டார்: "நான் சொன்னதுல ஏதாவது ஒண்ணு ரெண்டு பூசி மெழுகின மாதிரி இருந்துச்சா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பள்ளிக்கூடம்தான் மிச்சம். எங்கள் ரொட்டியில் பாதிக்கு மேல் அங்கேதான் போகும். அது போனால் அடுப்பு மூட்டுவதில் அர்த்தமில்லை, இருபது பேரும் வேறு இடம் தேட வேண்டியதுதான். பள்ளியில் சொன்னது ஒன்றுதான்: அந்தப் பெண்ணின் அப்பா சரி என்றால் சரி.

அண்ணன் பெரிய பொம்மை ஒன்றை வாங்கி வேனில் வைத்திருந்தார். அண்ணி அதைத் தொடவில்லை. "வாயை அடைக்க வந்தோம்னு நினைச்சிடுவாரோன்னு பயமா அண்ணி?" என்றேன். "நினைக்கறது என்ன தம்பி, அதுக்குத்தானே உங்க அண்ணன் வாங்கியிருக்காரு," என்று சொல்லிவிட்டுச் சல்லடையோடு அந்தப் பெண்ணின் வீட்டு மாடிப்படி ஏறினார்.

அந்த அப்பா லாரி மெக்கானிக். கதவைப் பாதி திறந்து, அந்தப் பாதியையும் தானே அடைத்துக்கொண்டு நின்றார். தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். தன் மகள் மூன்று நாள் தண்ணீர் குடிக்கக்கூட அழுததைச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. எனக்குத் தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றியது. அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி ஓய்ந்ததும் சாக்கைப் பிரித்தார்.

மெக்கானிக் சல்லடையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கிழிந்த விளிம்பைக் கட்டை விரலால் தடவினார். "இது ஒரு நாள்ல கிழிஞ்சதில்ல," என்றார்.

அண்ணனாக இருந்தால் ஆயிரம் சமாதானம் சொல்லியிருப்பார். நானும் மனத்துக்குள் நாலைந்து தேடிவிட்டேன்.

"ஆமாங்க," என்றார் அண்ணி. "ரொம்ப நாளா கிழிஞ்சிருக்கணும். நாங்க பாத்திருக்கணும். பாக்கல."

அவர் சல்லடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்கூலுக்கு நான் என்ன சொல்லணும்னு வந்திருக்கீங்க?"

"நீங்க பாத்ததச் சொல்லுங்க. புதுசு மாட்டியிருக்கோம். அதையும் வந்து பாத்துட்டே சொல்லுங்க."

மெக்கானிக் கிழிசலை இன்னொரு தடவை தடவினார். பிறகு சல்லடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவர் கொஞ்சம் விலகியதும் கதவிடுக்கில் ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது. ஒரு பக்கக் கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"நாளைக்கு அங்க போய்ப் பாக்கப்போறேன் சார்," என்று அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனில் சொல்வது என் காதில் விழுந்தது. "சரியா இருந்தா பிரெட் வரட்டும்." நான் திரும்பி அண்ணியைத் தேடினேன். இருபது பேர் பிழைப்பு அந்த வார்த்தையில் தொங்கியது. அண்ணி அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. படிக்கட்டின் புழுதியில் குந்தி உட்கார்ந்து, தன் வாயை 'ஆ'வென்று அகலத் திறந்து அந்தப் பெண்ணுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு வலிக்காத பக்கமாக மெல்லத் திறந்தாள். அண்ணி கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு, இன்னும் கிட்டே நகர்ந்து உள்ளே பார்த்தார்.