பதினோராவது ஆள்

ஆவடியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் கிரிக்கெட் அணியில் ஒரே ஓர் இடம் பாக்கியிருந்தது. அதற்கு இரண்டு பேர். ஒருவர் என் அப்பா, மட்டையாளர். மற்றவன் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து பந்து வீசும் கல்லூரிப் பையன். தேர்ந்தெடுக்க வேண்டியவர் கேப்டனான என் சித்தப்பா. அவர் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார், அம்மா சமைத்ததைத்தான் சாப்பிட்டார். ஆகவே இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று ஐந்தாம் வகுப்பு படித்த நான் நினைத்தேன்.

போட்டிக்கு முந்தின நாள் மாலை, வெயில் இறங்குவதற்கு முன்பே அப்பா என்னை மைதானத்துக்கு அழைத்துப் போனார். பேடு கட்டிக்கொண்டு நின்று, “போடுலே” என்றார். திருநெல்வேலியை விட்டு வந்து பல வருடமாகியும் அந்த ‘லே’ மட்டும் போகவில்லை. ரப்பர் பந்தால் ஆறு முறை வீசினேன். மூன்று முறை ஸ்டம்பு விழுந்தது. மற்ற மூன்றும் மட்டையில் படவேயில்லை.

“நல்லா வருதே உனக்கு” என்று சொல்லி அப்பா பேடைக் கழற்றினார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். சித்தப்பா அணிப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்.

“அப்பாவ மூணு தடவ போல்ட் ஆக்குனேன்!”

“உனக்காக விட்டுக் குடுத்திருப்பார்டா.”

“இல்ல. பந்து எங்க போச்சுன்னு ஒவ்வொரு தடவயும் என்னத்தான் கேட்டாரு.”

சித்தப்பா பேனாவை மூடினார். “நாளைக்கு கார்க் பந்து, கல்லு மாதிரி வரும்” என்றார், என்னிடம் சொல்வதுபோல் இல்லை.

மறுநாள் காலை மைதானத்தில் பட்டியலைப் படித்தபோது அதில் அப்பா பெயர் இல்லை. அந்தப் பையனே நெளிந்தான். “அண்ணாத்தே, பெரியவரு ஆடட்டும். நான் அப்பால ஆடிக்கிறேன்.”

“சும்மா இர்ரா. நமக்கு பௌலர்தான் வேணும்” என்றார் சித்தப்பா.

அப்பா ஸ்கோர் நோட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

பையன் நான்கு விக்கெட் எடுத்தான். ஆனால் கடைசி விக்கெட்டுக்கு ஏழு ரன் வேண்டியிருந்தபோது மட்டை பிடிக்க வந்தவனும் அவனே. முதல் பந்திலேயே ஸ்டம்பு பறந்தது. எதிரணியான குமணன்சாவடிக்காரர்கள் குதித்தார்கள். எங்கள் பக்கத்தில் மகிழ்ந்தவன் நான் ஒருவன்தான்.

“எங்கப்பா ஆடியிருந்தா ஜெயிச்சிருப்போம்” என்று சித்தப்பாவிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“ஆமாடா” என்றார் அவர்.

விஷயம் அம்மாவுக்கு எட்டியதும் வீட்டில் ஒரு வாரம் புழுக்கம். “கூடப் பொறந்தவர விட்டுட்டு எவனையோ சேத்துக்கிட்டீங்களே தம்பி” என்று அம்மா கேட்டாள். “பந்து போட ஆள் வேணும், அண்ணி” என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார் சித்தப்பா. அவரோடு பேசுவதை நானும் நிறுத்திவிட்டேன். அப்பாவை அணியிலிருந்து எடுத்தவன் நான்தான் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அடுத்த திங்கட்கிழமை அப்பாவைப் பைக்கில் உட்காரவைத்து, அம்பத்தூரில் கண் டாக்டரிடம் காட்டப் புறப்பட்டார் சித்தப்பா. அப்பா பின்னால் உட்கார்ந்து தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அப்பாவுக்குக் கொஞ்சம்கூட ரோஷமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.