உப்புப் பூதத்தை எழுதிய ஆரணி

தையல் மெசினை மிதித்தபடியே, நூற்கண்டுப் பெட்டியில் சாத்திவைத்த கைபேசியில் ஆரணி ஒரு குகைக்கு வாசல் வைக்கிறாள். ஊசி பள்ளிக்கூடச் சட்டையின் கழுத்துப்பட்டியைச் சுற்றிப் போகிறது. கிடைக்கிற இடைவெளியில் விரல் திரையில் ஒரு சுவரை அழிக்கிறது. காற்சட்டையின் இடுப்பைக் குறுக்கக் கொண்டுபோனால் முதலில் நான் அந்தக் குகையைப் பார்த்தாக வேண்டும். “உந்த வழியாலை போனியள் எண்டால் செத்தியள், அண்ணை,” என்பாள், மிகுந்த மகிழ்ச்சியோடு.

அரியாலையில் அவளுடைய கடை. ஞாயிறு பின்னேரங்களில் துணி வெட்டும் மேசையைத் துடைத்துவிட்டுச் சிநேகிதிகளோடு விளையாடுவாள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராகவோ மந்திரவாதியாகவோ மாறி, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். இருபது முகப் பகடை இங்கே கடைகளில் அகப்படவில்லை. அதை உருட்டித்தர ஓர் இணையத்தளம் உண்டு. குகை வரைய வேறொன்று, விதிகளை இலவசமாகப் படிக்க இன்னொன்று. பாத்திரங்களுக்குப் பெயர் தருகிற தளம் மட்டும் தோற்றுப்போனது. அது தந்த பெயர்களை வாசித்துச் சிநேகிதி நிவேதனா சிரித்த சிரிப்பில் ஆட்டமே நின்றுவிட, மந்திரவாதிக்குப் பூரணம் என்று பெயர் வைத்தார்கள்.

யாரைக் கண்டாலும் இந்தத் தளங்களின் முகவரியை அனுப்பிவிடுவாள். “எல்லாம் சும்மா கிடக்குது. எடுக்கத்தான் ஆளில்லை.”

எடுத்துக்கொண்டே இருந்தவளுக்குத் தானும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு கதையைத் தமிழில் எழுதி, விளையாடுவோர் பகிர்ந்துகொள்ளும் தளமொன்றில் ஏற்றினாள். கிணறுகள் உவர்த்துப்போன ஓர் ஊர். கடலோரக் குகையில், நன்னீர் ஊற்றின்மேல் குந்தியிருக்கும் உப்புப் பூதம். அதை வென்றால் தண்ணீர். மாதக்கணக்கில் எவரும் தொடவில்லை. வந்த ஒரே குறிப்பு, இந்த விளையாட்டுக்குத் தமிழ் சரிவராது என்றது. அந்த வாரம் அவள் எனக்குக் குகை எதையும் காட்டவில்லை.

பிறகு வவுனியாவிலிருந்து கஜானன் என்பவர் எழுதினார். தங்கள் குழு இணையவழியில் அதை விளையாடப்போகிறது. விரும்பினால் பார்க்கலாம், ஆனால் எழுதியவர் வாய் திறக்கக்கூடாது.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று கடைக்குப் போனேன். மெசின் ஓய்ந்திருந்தது. ஆரணி கதிரை நுனியில் இருந்தாள். திரையில் கஜானனின் குழு குகைக்குள் நுழைந்துவிட்டிருந்தது. கதை சொல்பவரான அவர் பூதத்தை எழுப்பினார். ஒருவர் வாளை உருவுவதாகச் சொன்னார். அப்போது ஒரு பெண்குரல், “பொறுங்கோ. நான் அதோடை கதைக்கப்போறன். ஏன் இஞ்சை இருக்கிறாய் எண்டு கேக்கிறன்,” என்றது.

ஆரணி என் பக்கம் திரும்பினாள். “அண்ணை, உதை நான் எழுதேல்லை. என்ரை பூதம் கதைக்காது.”

பகடை உருண்டது. இருபது. அதற்குமேல் எண் இல்லை; திரையில் ஒரே ஆரவாரம். கஜானன் தாள்களைப் புரட்டுவது தெரிந்தது. இல்லாத பதிலை எங்கே தேடுவார்? கடைசியில் தாள்களைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பூதமாகவே பேசினார்.

“நான் எழும்பினால் கடல் உள்ளுக்கை வந்திடும்.”

வாளை உருவியவர் கேட்டார்: “அப்ப இவ்வளவு நாளும் ஊரைக் காத்தது உதுதானோ?”

ஒலிவாங்கியை ஆரணி முதலிலேயே அணைத்துவிட்டிருந்தாள். இருந்தும் கதிரையை விட்டு எழுந்து, கைபேசியின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, கடை முழுதும் கேட்கச் சிரித்தாள்.