ஜெபத்தில் விழுந்த திட்டு

தங்கை வீட்டை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஜெபம் முடிந்த கையோடு. அன்றைக்கு யாரும் கை ஓங்கவில்லை, குரல்கூட உயரவில்லை. அதனால்தான் காரணம் அண்ணனுக்கு உடனே உறைக்கவில்லை.

பஸ் டெப்போவில் டயர் கழற்றி மாட்டுகிற வேலை அவருக்கு. ஒரு காலத்தில் அங்கே அவருக்கு 'குக்கர்' என்று பெயர். இரண்டு முறை மூக்கால் சீறுவார், மூன்றாவதில் ஸ்பேனர் பறக்கும். இயேசுவை ஏற்றுக்கொண்ட பிறகு சத்தம் அடங்கிப்போனது. குக்கருக்கு விசில் கழண்டுவிட்டது என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடித்தார்கள். சபையில் சாட்சி சொல்ல அழைத்தார்கள். சொன்னார்.

ஆனால் கோபம் ஊரைவிட்டுப் போய்விடவில்லை, வீட்டு ஜெபத்துக்குள் குடியேறியிருந்தது. மகனுக்கு மதிப்பெண் குறைந்தால் அவனுடைய சோம்பலை எடுத்துப்போடும்படி கேட்பார். குழம்பில் உப்பு கூடினால் மனைவிக்குக் கவனத்தைத் தரும்படி கேட்பார். பெற்றோர் போன பிறகு அவர் வீட்டிலேயே வளர்ந்த தங்கை, ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலையை அவரிடம் சொல்லாமலே உதறிவிட்டாள். அது தெரிந்த மறுநாள் காலை, எல்லாரும் முழங்காலில் நிற்க, அவர் உருகி வேண்டினார்.

"ஆண்டவரே, இந்த வீட்ல ஒருத்திக்குத் திமிர் தலைக்கேறியிருக்கு. அதை உடைச்சுப்போடும்."

பிள்ளைகள் இருவரும் பழக்கதோஷத்தில் ஆமென் சொன்னார்கள். தங்கை சொல்லவில்லை. பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஒரு வார்த்தை திட்டவில்லையே என்று ஒரு வாரம் புலம்பித் தீர்த்தார். மனைவி பாத்திரம் துலக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்:

"நேரா திட்டியிருந்தா அவளும் பதிலுக்கு ரெண்டு கேட்டிருப்பா. கண்ணை மூடி முழங்கால்ல நிக்கிறவ யாருக்குப் பதில் சொல்லுவா? கடவுளைக் கூட்டு சேத்துக்கிட்டு அடிச்சீங்க."

அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த மாதமே ஒரு சோதனை வந்தது. கூட வேலை செய்பவர் வீல் நட்டை முறுக்காமல் விட, பஸ் ஆட்டம் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. மூக்கு சீறத் தொடங்கியது. ஸ்பேனரைக் கீழே வைத்தார். வாய்க்குள்ளேயே ஆண்டவரிடம் உதவி கேட்டார். பிறகு அந்த ஆளின் எதிரே உட்கார்ந்து, "எனக்குக் கோவமா இருக்கு. அந்த பஸ்ல நாப்பது பேரு இருந்தாங்க," என்றார். அவ்வளவுதான். அந்த ஆள் எழுந்துபோய் மற்ற சக்கரங்களையும் சோதித்தார்.

அன்று சாயங்காலம் தங்கையின் போனுக்கு எழுதினார்: 'உன்கிட்ட பேச வேண்டியதை ஆண்டவர்கிட்ட பேசுற மாதிரி நடிச்சேன். தப்பு என் மேலதான். மன்னிச்சிரு.' அவள் படித்துவிட்டாள் என்பது தெரிந்தது. பதில் இல்லை. மறுபடி எழுதித் தொந்தரவு செய்யவில்லை. ஜெபத்தில் அவள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஒன்றே முக்கால் வருஷம் கழித்து, அவர் டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

'அண்ணா, கோவம் பாதிதான் போயிருக்கு. மீதியை நேர்ல சண்டை போட்டுத் தீத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை வரேன். நீயும் மனசுல இருக்கிறதைச் சொல்லு, நான் கண்ணைத் திறந்துதான் உக்காந்திருப்பேன்.'