மீன்கள் விரதம் முறித்த வருடம்

தமக்கையின் மகளான பெறாமகளின் பிள்ளைப்பேறு பார்க்க என் மனைவி மூன்று மாதத்துக்கு இலண்டன் போனாள். வாசலில் விமான நிலையத்துக்குப் போகிற வான் நின்றுகொண்டிருக்க, அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது என்னைப் பற்றியது அல்ல.

"நீங்கள் சாப்பிடாட்டிலும் காரியமில்லை. உதைப் பட்டினி போட்டிடாதேங்கோ."

அவள் கைகாட்டியது விறாந்தையிலிருந்த மீன்தொட்டியை. குறிப்பாக, அதற்குள் நின்ற வெள்ளை ஏஞ்சல் மீனை. நாலு வருடத்துக்கு முன் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் வாங்கிவந்தது. இப்போது என் உள்ளங்கையை மறைக்கும். மேலும் கீழும் நீண்ட செட்டைகள், அடியில் இரண்டு மீசைபோல நூல்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் கடல் கடந்தபிறகு மனைவி காலையில் முதலில் கதைப்பது இதனோடுதான். வலதுபக்க மூலைக் கண்ணாடியில் மோதிரத்தால் இரண்டு தரம் தட்டுவாள். அது வரும். "என்ன, இரவு நித்திரை இல்லையோ?" என்று கேட்பாள். எனக்கும் இரவில் நித்திரை வருவதில்லை. ஆனால் எனக்குச் செட்டையில்லை.

அதே தொட்டியில் ஆறு சின்ன மீன்களும் இருந்தன. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு. கடைக்காரர் அவற்றை 'டைகர்' என்பார். இந்த ஊரில் அந்தச் சொல்லைக் கடைக்குள் நின்று உரத்துச் சொல்ல எனக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. ஆகவே நான் கோடன்கள் என்பேன். துருதுருவென்று ஓடித்திரிவார்கள். பார்க்கக் கலகலப்பான பேர்வழிகள்.

அவள் போய் மூன்றாவது கிழமை நல்லூர் முருகன் கோயிலில் கொடியேறும் நாள் வந்தது. கொடியேறினால் எங்கள் வீடு இருபத்தைந்து நாளும் சைவம். வீடு கழுவி, மீன், இறைச்சி என்று மச்சம் சமைக்கிற சட்டிகளைப் பரணில் ஏற்றி, குளிர்ப்பெட்டியைத் துடைத்து எடுக்கவேண்டும். இதை ஒவ்வொரு வருடமும் அவள் செய்வாள். நான் அந்த நேரம் பார்த்து வட்டுக்கோட்டைச் சந்திக்குப் பேப்பர் வாங்கப் போவேன். இந்தமுறை கட்டளை போனில் வந்தது. ஒரு துண்டு மச்சமும் வீட்டுக்குள் இருக்கக்கூடாது, ஓமோ என்றாள். ஓம் என்றேன். ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கட்டளையிட்டால் நான் மிகவும் கீழ்ப்படிவான மனிதன்.

குசினி அலுமாரியிலிருந்த கருவாடு, மாசி, இறால் தூள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன். பிறகு மீன்தொட்டிக்குக் கீழேயிருந்த தீன் டின் கண்ணில் பட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் முதுகில் எழுதியிருந்ததை வாசித்தேன். காய்ந்த இறால், மீன் மா. படித்தவன் விடுகிற பிழைகள் அநேகமாக இப்படிக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தொடங்குகின்றன. அந்த டின்னும் பைக்குள் போயிற்று. பை, நான் வேலைசெய்கிற கந்தோரில் பக்கத்து மேசைக்காரரிடம் போயிற்று. அவர் வேதக்காரர்; தேவாலயத்துக்குப் போகிறவருக்கு எங்கள் கொடியேற்றம் கணக்கில்லை. அடுத்தநாள், கருவாடு திறம், மற்ற டின்னை எப்படிச் சமைக்கிறது என்று கேட்டார்.

அன்றிலிருந்து மீன்களுக்கும் சைவம். அவித்த பூசணி, இடியப்பத் துகள், மசித்த பருப்பு. முதல் நாலு நாளும் கோடன்கள் பாய்ந்து பாய்ந்து தின்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த வீட்டு மீன்கள் இனித் தேவாரம் பாடாததுதான் குறை என்று மனைவிக்குச் சொல்ல ஒரு பகிடிகூடத் தயார் செய்துவைத்திருந்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

ஏழாம் நாள் காலை ஏஞ்சலின் மீசை இரண்டையும் காணவில்லை. எட்டாம் நாள் வாலின் ஓரம் எலி அரித்த கடதாசிபோல் இருந்தது. மீன் மேல் மூலையில், தண்ணீர் கொட்டும் குழாய்க்குப் பின்னால், தலையைக் கீழே சரித்துக்கொண்டு நின்றது. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பைக் குற்றஞ்சாட்டினேன். யாழ்ப்பாணத்தில் எது பழுதானாலும் முதலில் சுண்ணாம்பைச் சொல்லிவிடலாம். அது எதிர்த்துக் கதைக்காது.

அன்று பின்னேரம் கதிரையை இழுத்துப்போட்டுத் தொட்டிக்கு முன்னால் இருந்தேன். கால்மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கோடன்களில் பெரியவன், குழாய்ப் பக்கமாக ஏதோ அலுவலாகப் போகிறவன்போல் போனான். கோபமில்லை, அவசரமில்லை. வேலியோரம் நடந்துபோகிற ஒருவர் போகிற போக்கில் ஒரு பூவரசம் இலையைக் கிள்ளுவாரே, அப்படி ஏஞ்சலின் செட்டையில் ஒரு துண்டைக் கிள்ளிக்கொண்டு அப்பால் போனான். ஏஞ்சல் ஒருமுறை உதறியது. அடுத்தவன் வந்தான். அவனும் கிள்ளினான். பிறகு மற்றவன்.

சண்டை என்றால் எனக்கு விளங்கும். இந்த மண்ணில் இத்தனை வருடம் இருந்தவனுக்குச் சண்டை புதிதில்லை. இது சண்டை இல்லை. ஒருவரும் ஒருவரோடும் கோபித்துக்கொள்ளாமல் ஓர் உயிர் இலையிலையாகக் குறைந்துகொண்டிருந்தது, அதுவும் சுவாமிப் படத்துக்கு நேரே. நான்கு வருடமாக இவர்களைக் கலகலப்பான பேர்வழிகள் என்று வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அறிமுகம் செய்துவைத்தவன் நான்.

அந்த நேரம் பார்த்து மனைவி போனில் வந்தாள். மீனைக் காட்டச் சொன்னாள். இங்கே சிக்னல் சரியில்லை, படம் வராது என்றேன். அவளுடைய முகம் என் திரையில் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தது.

பிரச்சினைக்குத் தலைவன் ஒருவன் இருப்பான், அவனை எடுத்தால் அமைதி வரும் என்பது என் நம்பிக்கை. தேத்தண்ணி வடியால் ஒரு மணித்தியாலம் போராடிப் பெரியவனைப் பிடித்துக் கிணற்றடித் தொட்டியில் விட்டேன். அடுத்தநாள் காலை இரண்டாமவன் தலைவனாகியிருந்தான். முதலாமவனைவிடக் கெட்டிக்காரன். அவனையும் எடுத்தேன். மூன்றாமவன் பதவியேற்றான். அவனையும் எடுத்தபிறகு மிஞ்சிய மூன்று பேரும், அதுவரை பின்னால் நின்றவர்கள், ஏஞ்சலை மூலையை விட்டு அசையவே விடவில்லை. அரைவாசிக் கோடன்களைக் குறைத்தேன்; கடி இரண்டு மடங்காயிற்று. நான் பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கில் இப்படியொன்று இல்லை.

பதினோராம் நாள் கந்தோருக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு யாழ்ப்பாண நகரத்துக்கு, மீன் வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்காரர் குருநகர்க்காரர். தகப்பன் கடலில் மீன் பிடித்தார். மகன் கண்ணாடிக்குள் மீன் விற்கிறார். போனில் எடுத்த படத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். முதல் கேள்வியே, என்ன தீன் போடுகிறீர்கள் என்பதுதான். பூசணி என்றேன். ஏன் என்றார். கொடியேறிவிட்டது என்றேன். அவர் என்னையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் பரவாயில்லை.

"சேர், நீங்கள் விரதம். அதுகள் முறிச்சிட்டுதுகள்."

பிறகு ஆறில் மூன்றை எடுத்த கதையைச் சொன்னேன். அதுதான் இரண்டாவது பிழை என்றார். இந்த மீன்கள் கூட்டமாக நின்றால் தங்களுக்குள்ளேயே துரத்தி, தங்களுக்குள்ளேயே கிள்ளி, பொழுது போக்கிக்கொள்ளுமாம். ஆட்கள் குறைந்தால் அடுத்த சாதி மீனின் செட்டையைத் தேடுமாம். எடுத்தவர்களைத் திரும்ப விடுங்கள், இன்னும் நாலைக் கொண்டுபோய்ப் போடுங்கள், கல்லுகளை இடம் மாற்றி வையுங்கள், ஏஞ்சலை மட்டும் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள் என்றார். கடியைக் குறைப்பதற்குக் கடிப்பவர்களை இன்னும் வாங்குவது. கடைசியில், உண்மையில் இந்த இரண்டு வகையையும் ஒரே தொட்டியில் விடவே கூடாது என்றும் சொன்னார்.

"அப்ப இதை ஒண்டாய் வித்தது ஆர்?"

"நான்தான். அம்மா கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை."

ஏஞ்சல் தப்புமா என்று கேட்டேன். செட்டையின் அடிவரை தின்றிருந்தால் கஷ்டம், இல்லாவிட்டால் வளரும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பின்பக்கத் தொட்டியொன்றைக் காட்டினார். அதே அளவில், அதே வெள்ளையில், முழுச் செட்டையோடு ஓர் ஏஞ்சல். அம்மாவுக்குத் தெரியவராது என்றார். நான் அதை ஐந்து நிமிடம் பார்த்தேன். அது சுகமாக, கவலையில்லாமல் நின்றது. ஆனால் நான், மனைவியின் கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போக அதே உயரத்தில் வேறொன்றை நட்டு, மூன்று வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில் பலர் முன்னிலையில் பிடிபட்டவன். வேண்டாம் என்றேன்.

ஒரு சின்னத் தொட்டி, நாலு கோடன்கள், ஒரு டின் இறால் தீன். திருவிழாவுக்கு நடுவே அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தது, சாராயப் போத்தலோடு வந்ததுபோல் இருந்தது. வீட்டுக்குள் கொண்டுபோகத் துணியவில்லை. கிணற்றடி மோட்டார்க் கொட்டிலில் வைத்தேன். காலையும் மாலையும் அங்கே போய் ஒரு நுள்ளு எடுத்துவந்து போட்டு, கைகால் கழுவி, பிறகு விளக்கேற்றினேன். முருகனுக்கு நிலைமை விளங்கியிருக்கும். மயிலையும் பாம்பையும் ஒரே இடத்தில் வைத்திருப்பவர்.

பெரிய தொட்டியில் இப்போது பத்துப் பேர். நாள் முழுக்க ஒருவரையொருவர் துரத்துவார்கள். ஒருவருக்கும் ஒரு காயமில்லை. ஏஞ்சலை என் எழுத்து மேசையில் வைத்தேன். முதல் ஐந்து நாள் அது சாப்பிடவில்லை. இரவு படுக்கப் போகுமுன், பக்கவாட்டில் சரிந்துவிட்டதா என்று டோர்ச் அடித்துப் பார்ப்பேன். ஆறாம் நாள் ஒரு துணுக்கை எடுத்துத் துப்பியது. பிறகு திரும்ப எடுத்தது. நான் கதிரையில் இருந்தபடியே கும்பிட்டேன். இரண்டு கிழமையில் செட்டையின் ஓரத்தில் கண்ணாடித்தாள்போல ஒரு விளிம்பு தெரிந்தது. அது வளர வளர வெள்ளையாகியது. ஆனால் மேல்செட்டை ஓரிடத்தில் மடிந்து, கோணலாக வளர்ந்தது.

மனைவி வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றாமலே பெரிய தொட்டியைப் பார்த்தாள். பிறகு என் மேசையைப் பார்த்தாள். நான் ஒன்றையும் ஒளிக்காமல், பூசணி தொடக்கம் மோட்டார்க் கொட்டில் வரை முழுவதையும் சொன்னேன். வாழ்நாளில் இவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் நான் சொன்னதில்லை.

"மீனுக்கு ஆர் விரதம் சொன்னது?"

"நீர்தானே, வீட்டுக்குள்ளை ஒரு மச்சமும் இருக்கக்கூடாது எண்டனீர்."

"அப்ப மீனையும் எல்லோ எறிஞ்சிருக்கவேணும்."

இந்தத் திசையில் நான் யோசித்தே இருக்கவில்லை. அவள் சின்னத் தொட்டிக்குக் கிட்டக் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"உது என்ரை மீனில்லை. அது செத்துப்போச்சு. நீங்கள் வேறை வாங்கி விட்டிருக்கிறீங்கள்."

இரண்டு மாதம் காத்த உயிர் கண்ணெதிரே நிற்கிறது. அதைச் செத்ததாகச் சொல்கிறாள். கடைக்காரரைக் கேட்கச் சொன்னேன். கறிவேப்பிலையையும் அப்படித்தான் சத்தியம் பண்ணினீர்கள் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என்னை நம்பாததற்காக இல்லை, மீனுக்காக.

என்னைப் பொய்யன் என்று முடிவாக நிரூபிப்பதற்காகத்தான் இருக்கவேண்டும், சின்னத் தொட்டியின் வலதுபக்க மூலையில் மோதிரத்தால் இரண்டு தரம் தட்டினாள்.

கல்லுக்குப் பின்னாலிருந்து அது வந்தது. கோணல் செட்டையால் ஒருபக்கம் சற்றுச் சரிந்து, ஆனால் நேராக அந்த மூலைக்கே வந்து, மோதிரத்துக்கு முன்னால் நின்றது. மேசைக்கு வந்த நாளிலிருந்து நான் எத்தனையோ தரம் பேனாவால் தட்டியிருக்கிறேன். எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அவள் விரலைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தால் எழும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்து, உடுப்புகளுக்கு நடுவே சுற்றிவைத்திருந்த ஒரு டின்னை எடுத்து என் கையில் தந்தாள். இலண்டனில் வாங்கிய மீன் தீன்.

"இந்தாங்கோ. பின்பக்கத்தை வாசியாமல் போடுங்கோ."

அன்று வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் மச்சம் தொடாத நாள். நான் நினைவூட்டவில்லை. ஒரு நுள்ளு எடுத்துப் போட்டேன்.