தாய் சொல்லைத் தட்டாதவன்

தி.நகரில் ஸ்பானிஷ் வகுப்பு எடுக்கிறேன். அதனால் அக்கா மகனுக்கு ஒரு கொலம்பியப் பெண்ணைப் பிடித்துப்போனபோது, அவளுடைய அப்பாவுக்கும் எங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்தான். அவருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். பையன் எப்படிப்பட்டவன் என்று எழுதிக் கேட்டிருந்தார். திருப்தியானால்தான் சம்மதம்.

அக்கா வழக்கமான பயோடேட்டாவை ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொடுத்தாள். அமைதியானவன், அடக்கமானவன், அட்ஜஸ்ட் செய்துகொள்வான், தாய் சொல்லைத் தட்டாதவன். மயிலாப்பூரில் இந்த ஒரு தாளுக்கே பெண் வீட்டார் வரிசையில் நிற்பார்கள். ஸ்பானிஷில் எழுதி வாய்விட்டுப் படித்தேன். நோயாளி ஒருவனைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைக்கிற மாதிரி இருந்தது. எந்த அப்பன் இதற்குப் பெண் கொடுப்பான்? எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அக்காவிடம் சொன்னால் சண்டைதான். கடைசியில், எல்லோர் பேச்சையும் பொறுமையாகக் கேட்பான், ஆனால் தனக்குச் சரியென்று பட்டதைத்தான் செய்வான் என்று எழுதி அனுப்பிவிட்டேன். முன்பாதி உண்மை. பின்பாதியை இந்த முப்பது வருஷத்தில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ராஜா அண்ணாமலைபுரத்தில் அக்கா வீட்டிலிருந்து வீடியோ கால். அக்காவுக்கும் அவள் மகனுக்கும் நடுவில் நான். திரையில் அந்தப் பெண் தன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் கையில் என் கடிதம். நான் எழுதிய அந்த வரியை விரல் வைத்துப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். வரியை விழுங்கிவிட்டுக் கேள்வியை மட்டும் தமிழில் சொன்னேன்.

"உங்க அம்மா என் பொண்ணை அநியாயமா ஏதாவது சொன்னா நீ என்ன பண்ணுவேன்னு கேக்கறார்."

அக்கா முந்திக்கொண்டாள். "என் பேச்சை அவன் தட்டவே மாட்டான்னு சொல்லு."

பெருமையாகத்தான் சொன்னாள். அப்படியே சொன்னால் கல்யாணம் நின்றுவிடும், மாற்றினால் இன்னொரு பொய். அந்த மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரு சித்தி," என்றான் அவன். "அம்மா சொல்றது தப்புன்னா, தப்புன்னு அம்மாகிட்டயே சொல்லுவேன். அப்படியே சொல்லு."

கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மகளின் தோளில் கை போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா அவனை ஒன்றும் சொல்லவில்லை. மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"அவருக்கு நீ என்னடி எழுதி அனுப்பினே?"