சுற்றுச்சுவர் இல்லாத வீடு

தத்து விதிகளில் ஏழாவது: "தத்தெடுப்பவரின் வீட்டுக்குச் சுற்றுச்சுவரும் பூட்டக்கூடிய கேட்டும் இருத்தல் வேண்டும்." அடிபட்ட தெருநாய்களை மீட்கும் வேலூர்க் குழு ஒன்று, செவலைக் குட்டியொன்றை ஆரணியில் எங்கள் வீட்டில் தற்காலிகமாக விட்டபோது இந்த விதிகளையும் கையில் கொடுத்தது. முழுதாகப் படித்த முதல் மனிதன் நான்தான் போலிருக்கிறது. அரசு அலுவலகத்தில் விதி எண் சொல்லியே சம்பளம் வாங்கியவன், பழக்கம் விடவில்லை.

பெண் குட்டி. முன்கால் ஒன்று கோணல். இரண்டையும் கேட்டதும், தத்தெடுக்க வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். மிஞ்சியது இரண்டு பேர். சேத்துப்பட்டுக்காரர் ஒருவர்: சுவர், கேட், கேமரா எல்லாம் உண்டு, காலையில் பூட்டினால் இரவுவரை வீட்டில் ஆள்தான் கிடையாது. இன்னொருவர் முள்ளிப்பட்டு நெசவாளிப் பெண். எதிர்வீட்டு முதலாளியிடம் நெய்த புடவையைக் கொடுக்க வரும்போதெல்லாம் எங்கள் வாசலில் உட்கார்ந்து குட்டியோடு பேசுவார். குட்டி பதிலுக்கு அவர் செருப்பைக் கடிக்கும்.

"இத எனக்கே குடுத்துடுங்க சார்."

"வீட்டுக்குச் சுத்துச்சுவர் இருக்குதாம்மா?"

"சுவரா? எனக்கும் பக்கத்து வூட்டுக்கும் நடுவுல ஒண்ணு கீது சார். அதுலயும் பாதி அவங்களுது."

உள்ளே என் மனைவி சிரித்தது வாசல்வரை கேட்டது.

விதிப்படி குட்டி சேத்துப்பட்டுக்குப் போகவேண்டும். ஆனால், நேரில் பார்க்காமல் எந்த மனுவையும் தள்ளக்கூடாது என்பதும் விதிதான். குட்டியோடு ஆட்டோவில் முள்ளிப்பட்டுக்குப் போனேன்.

தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். முழங்கால் உயரத்தில், குச்சிகளின் மேல், வெயிலில் மின்னும் பட்டிழைகள். அதற்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் தன் வாசலில் நின்று கையசைத்தார். அவ்வளவுதான். குட்டி என் மடியிலிருந்து பாய்ந்து நேராகப் பாவைப் பார்த்து ஓடியது.

"நாயி! நாயப் புடி!"

"பாவு போச்சுடா!"

தெரு முழுக்க ஓட, நானும் ஓடினேன்; பணி ஓய்வுக்குப் பிறகு நான் ஓடியது அதுதான் முதல்முறை. பல புடவைகளுக்கான இழை. ஒரு நகம் மாட்டினால் சேத்துப்பட்டுக்காரருக்கு என் சிபாரிசுகூடத் தேவைப்படாது. குட்டி பாவை நெருங்கியது. கோணல் காலை மடக்கித் தரையோடு தரையாகப் படுத்து, அடியில் புகுந்து, வாலைக்கூடத் தாழ்த்திக்கொண்டு மறுபக்கம் எழுந்தது. ஓர் இழைகூட அசையவில்லை. தெரு கைதட்டியது.

"சார், நீங்களும் அப்படியே பூந்து வாங்க!" என்றார் குச்சி பிடித்திருந்த பெரியவர்.

நான் பாவின் கடைசிவரை நடந்து, சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அதற்குள் குட்டி வீட்டுக்குள் இருந்தது. அந்தப் பெண்ணின் கணவர் தறிக்குழியில் காலை விட்டு நெய்துகொண்டிருந்தார். குழி விளிம்பில் மோவாயை வைத்து, மிதிக்கட்டைகள் ஏறி இறங்குவதைக் குட்டி பார்த்துக்கொண்டிருந்தது.

"பகல் பூரா யாராவது தறியிலதான் சார் இருப்போம். இத எங்க தனியா விடப்போறோம்?" என்றார் அந்தப் பெண்.

குட்டியோடு வீடு திரும்பி, அன்றே விதித்தளர்வு கோரிக் குழுவுக்கு எழுதினேன். ஏழாவது விதியின் நோக்கம் நாயைக் காப்பது; ஆளில்லாத சுவரைவிட ஆளிருக்கும் தறி அதை நன்றாகச் செய்யும் என்று மூன்று பக்கம். பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினேன். பிறகு நினைவூட்டுக்கு நினைவூட்டு. தினமும் முள்ளிப்பட்டிலிருந்து போன் வந்தது.

"என்னா சார், எதுனா சொன்னாங்களா?"

"பரிசீலனையில் இருக்கும்மா."

"அப்டின்னா இல்லைன்னு அர்த்தமா சார்?"

"நீங்களும் ஆபீஸ்ல இதைத்தானே சொல்லிகினு இருந்தீங்க?" என்றார் மனைவி. குட்டியைக் குளிப்பாட்டி, புதுக் கழுத்துப்பட்டையும் வாங்கி மாட்டியிருந்தார். உத்தரவு வருமுன் செலவு செய்வது தணிக்கையில் நிற்காது என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

கடைசியில், என் மூன்று பக்கங்களுக்குக் குழுவிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரே வரி: "தறி வீட்டுக்கே குடுத்துடுங்க சார்." படித்து முடிக்குமுன் மனைவி ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார். குட்டி முதலில் ஏறியது. நான் அதுவரை செருப்புக்கூட மாட்டியிருக்கவில்லை. பதில் பெறப்பட்ட நாள்: ஆடி பதினெட்டு.